எட்டு பிட் ஒலி செய்யும்போது சொதப்பும் இடங்கள்

டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் கேம் செய்து பார்க்கிற தம்பிகள் சிலர் தங்கள் ஒலிகளை எனக்கு அனுப்புவதுண்டு. பெரும்பாலும் ஒரே கோளாறுதான். நிஜத் துப்பாக்கிச் சத்தத்தையோ நிஜக் காசு விழும் சத்தத்தையோ இறக்கி, ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் போட்டு, தரத்தைக் குறைத்து, கரகரவென்று ஆக்கிவிட்டு, "ரெட்ரோ ரெடி அண்ணா" என்கிறார்கள். அது ரெட்ரோ (பழைய எட்டு பிட் கேம் பாணி) இல்லை, கெட்டுப்போன பதிவு. பழைய கேம்களின் ஒலி பெரும்பாலும் பதிவு செய்ததே கிடையாது, சிப் அந்த நொடியில் உருவாக்கியது.

1983-இல் வந்த நின்டெண்டோவின் ஃபாமிகாம் கேம் பெட்டியில் இருந்ததே இரண்டு பல்ஸ் அலை (மேல், கீழ் என்று இரண்டே நிலைக்குத் தாவும் அலை), ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல், சின்னச் சின்னப் பதிவுகளுக்கு ஒரு சேனல், அவ்வளவுதான். பல்ஸுக்கும் இரைச்சலுக்கும் ஒலியளவு 16 படிகள், முக்கோணத்துக்கு அதுவும் இல்லை, ஒலிக்கும் அல்லது நிற்கும். ஆகவே முதலில் எந்த மெஷின் என்று முடிவு செய்யுங்கள். ரம்ப அலையும் ஃபில்டரும் வேண்டுமா, 1982-இன் கமடோர் 64 கணினி பக்கம் போங்கள், அதன் சிட் என்ற ஒலிச் சிப்பில் இரண்டும் உண்டு. நின்டெண்டோ மாதிரி வேண்டுமென்று சொல்லிவிட்டு சைன் அலை, ரிவெர்ப் (அறை எதிரொலி), இடம் வலம் ஓடும் ஸ்டீரியோ எல்லாம் சேர்த்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும்.

அடுத்தது எஸ்எஃப்எக்ஸ்ஆர். டாக்டர்பெட்டர் என்பவர் 2007-இல் லூடம் டேர் என்ற கேம் உருவாக்கும் போட்டிக்காரர்களுக்காகச் செய்து இலவசமாகக் கொடுத்த குட்டி மென்பொருள். இணையமே வேண்டாம், லேப்டாப் பேட்டரியில் ஓடும், லோட்ஷெடிங் நேரத்திலும் உட்காரலாம். பிரவுசரிலேயே போதும் என்பவர்களுக்கு ஜேஎஸ்எஃப்எக்ஸ்ஆர் இருக்கிறது. காசு, லேசர், வெடி, குதிப்பு என்று பொத்தான்கள் இருக்கும், அழுத்தினால் ஒவ்வொரு தடவையும் ஒரு புது ஒலி வரும். அழுத்தி, கேட்டு, சேமித்து, அப்படியே கேமில் போட்டுவிடுகிறார்கள். அந்தக் காசுச் சத்தத்தை உலகமே கேட்டுச் சலித்துவிட்டது! பொத்தானைத் தொடக்கமாக மட்டும் வையுங்கள். பிடித்த ஒன்று கிடைத்ததும் மியூட்டேட் (ஒலியைச் சற்றே மாற்றும் பொத்தான்) சில தடவை அழுத்தி, பிறகு கையால் டீகேயை (ஒலி தேய்ந்து மறையும் நேரத்தை) குறைத்து, சுருதி ஏறும் வேகத்தை மாற்றிப் பாருங்கள். டபிள்யூஏவி ஒலிக்கோப்பு ஏற்றுமதியோடு, 'சேவ் சவுண்ட்' கொடுத்து அமைப்புக் கோப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு மாதம் கழித்து "இதையே கொஞ்சம் கனமாக" என்று தோன்றும்போது முதலிலிருந்து தேட வேண்டியதுதான்.

பலர் தொடவே தொடாத இடம் ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதுதான். குதிக்கும் சத்தத்துக்கு ஆடாசிட்டியின் சர்ப் கருவியில் 200 ஹெர்ட்ஸிலிருந்து 800 வரை இழுத்தால் வழுவழுவென்று ஏறும், கேட்க நன்றாகவும் இருக்கும், ஆனால் எதுவோ குறையும். பழைய கேம்களில் சுருதியையும் ஒலியளவையும் பெரும்பாலும் டிவி பிரேமுக்கு ஒருமுறைதான் மாற்றினார்கள். என்டிஎஸ்சி டிவி முறை உள்ள நாடுகளில் நொடிக்கு 60 தடவை, நம் ஊர் பிஏஎல் முறை டிவியில் 50, அதாவது 20 மில்லிநொடிக்கு ஒரு படி. அந்தப் படிக்கட்டுதான் ருசியே. ஃபாமிஸ்டுடியோ, ஃபர்னஸ் என்ற சிப் இசை மென்பொருள்கள் இரண்டுமே இலவசம், இரண்டிலும் பிரேம் பிரேமாக எண் கொடுத்து வரையலாம். குதிப்புக்கு பத்துப் பன்னிரண்டு பிரேம் போதும். நிமிடத்துக்கு நாற்பது தடவை ஒலிக்கப்போகிற சத்தத்தை அரை நொடி நீட்டினால் ஆடுகிறவன் ஒலியையே அணைத்துவிடுவான்.

பல்ஸ் அலையின் டியூட்டியையும் (ஒரு சுற்றில் அலை எவ்வளவு பங்கு மேலே நிற்கிறது என்பதை) விட்டுவிடாதீர்கள். 12.5, 25, 50, 75 சதவீதம் என்று நான்கு உண்டு. 12.5 மூக்கடைத்த மாதிரி மெலிந்து கேட்கும், 50 உருண்டையாக இருக்கும் (25-உம் 75-உம் காதுக்கு ஒன்றுதான்). இங்கே ஒரு வேடிக்கை: அந்தக் காலத்தில் டர்பன் வீடுகளில் டிவி கேம் என்றாலே கோல்டன் சைனா போன்ற ஃபாமிகாம் நகல் பெட்டிகள்தான், நகல் சிப்புகள் பலவற்றில் 25-உம் 50-உம் இடம் மாறியிருந்தன. சிறு வயதில் நாம் கேட்டதும் ஜப்பான் பையன் கேட்டதும் ஒன்றாக இருந்திருக்க வேண்டியதில்லை. அதனால் "ஒரிஜினல் இப்படித்தான்" என்று யாராவது அடித்துப் பேசினால் பெரிதாகக் கவலைப்படாமல் இரண்டையும் போட்டுப் பார்த்துப் பிடித்ததை எடுங்கள்.

ஒலியளவில் சதுர அலை (50 சதவீத பல்ஸ்) ஏமாற்றும். மீட்டரில் சைன் அலையோடு ஒரே உச்சத்தைக் காட்டினாலும் ஆற்றலில் 3 டெசிபெல் கூடுதல், காதுக்கு இன்னும் உறைக்கும். எல்லாவற்றையும் நார்மலைஸ் செய்து உச்சத்துக்குத் தள்ளாதீர்கள், மெனு சத்தம் வெடிச் சத்தத்தை விடக் கத்தும். காதாலேயே சரிபாருங்கள், போன் ஸ்பீக்கரிலும் ஒருமுறை. தாழ்ந்த முக்கோண அலை அங்கே காணாமலே போய்விடும்.

கோப்பு எம்பி3 ஆக வேண்டாம். அந்த முறையில் தொடக்கத்தில் கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கொள்ளும், பொத்தானுக்கும் சத்தத்துக்கும் நடுவே இடைவெளி தெரியும். டபிள்யூஏவி போதும், அரை நொடி ஒலிக்கு எவ்வளவு இடம் வந்துவிடப்போகிறது?

அப்புறம், இருபது தோட்டா ஒரே நேரத்தில் வெடித்தால் இருபது ஒலியும் சேர்ந்து ஒலிக்க விடாதீர்கள். பழைய கேம்களில் ஒரு சத்தம் வந்தால் பாட்டின் ஒரு சேனலே வழிவிட்டு நிற்கும். கோடோ என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் மேக்ஸ் பாலிஃபோனி (ஒரே நேரத்தில் எத்தனை ஒலிக்கலாம் என்ற வரம்பு) என்ற அமைப்பு இதற்கென்றே இருக்கிறது, ஒன்றோ இரண்டோ வைத்தால் போதும்.

பழைய கேமிலிருந்தே ஒலியை உருவி எடுத்துப் போடுவதைப் பற்றி நீட்ட வேண்டாம், அது அடுத்தவர் சொத்து. ஃப்ரீசவுண்ட் என்ற ஒலிப் பகிர்வுத் தளத்தில் எடுப்பதாக இருந்தாலும் உரிமத்தைப் பாருங்கள்: சிசி ஜீரோ (நிபந்தனை இல்லாமல் விட்டுக்கொடுத்தது) என்றால் கவலை இல்லை, வணிகத்துக்கு அல்ல என்று போட்டிருந்தால் கேமை விற்கும் அன்று அந்தக் கோப்பைத் தூக்க வேண்டிவரும்.