இங்கிலாந்தின் சிற்றூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளை: அந்த ஊரின் பாதுகாப்பை இங்கிருந்தே அறிந்துகொள்ளும் வழி

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று நம் கடற்கரையில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ போகிற பிள்ளையைப் பற்றிப் பெற்றோர் அதிகம் கலங்குவதில்லை. போய் இறங்கும் இடத்தில் மாமனோ, மச்சானோ, அடுத்த தெருக்காரரோ இருப்பார். இப்போது செவிலியராக இங்கிலாந்துக்குப் போகும் பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை. அவர்களில் பலருக்கு வேலை கிடைப்பது லண்டனில் அல்ல. வயல்களுக்கும் ஆட்டு மந்தைகளுக்கும் நடுவே, ஐயாயிரம் பேரோ பத்தாயிரம் பேரோ வாழும், நாம் பெயர்கூடக் கேட்டிராத ஒரு சிற்றூரில். என் மகளுக்கும் அப்படித்தான் கிடைத்தது. பணி ஆணை வந்த அன்றிரவு என் மனைவி கேட்டது ஒரே கேள்வி: "வேலை முடிஞ்சு ராத்திரி நம்ம புள்ள தனியா நடந்து வீட்டுக்கு வர முடியுமா?" அதற்கு விடை தேடிக் கற்றுக்கொண்டவற்றை, அதே நிலையில் இருக்கும் மற்றப் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

ஊரின் பெயரைத் தட்டி "பாதுகாப்பானதா" என்று இணையத்தில் தேடுவதிலிருந்து தொடங்காதீர்கள். மதிப்பெண் போட்டு ஊர்களை வரிசைப்படுத்தும் தளங்கள் பெரும்பாலும் காவல்துறை வெளியிடும் எண்களையே எடுத்து, விளக்கத்தை விட்டுவிட்டு அச்சத்தை மட்டும் சேர்த்துத் தருகின்றன. மூலத்துக்கே போய்விடலாம். 'போலீஸ் டாட் யுகே' என்ற அரசுத் தளத்தில், இங்கிலாந்திலும் வேல்சிலும் உள்ள 43 காவல் படைகளில் ஏறக்குறைய எல்லாவற்றின் பகுதிகளுக்கும், தெரு வாரியாகக் குற்ற வரைபடம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. ஊர்ப் பெயரைவிட அஞ்சல் குறியீட்டை, அங்கே சொல்வதுபோல் போஸ்ட்கோடை, இடுவதே நல்லது. பணி ஆணையில் இருப்பது மருத்துவமனையின் குறியீடு. வீடு முடிவானதும் வீட்டின் குறியீட்டையும் தனியே இட்டுப் பாருங்கள். ஒரு குறியீட்டில் பத்துப் பதினைந்து வீடுகளே அடங்குமாதலால், நம் பின்கோடு போல ஊர் முழுவதும் கலந்துவிடாது. அந்த ஊர் எந்தக் காவல் படையின் கீழ் வருகிறது என்பதும் அங்கேயே தெரியும்: லட்லோவும் லெமின்ஸ்டரும் வெஸ்ட் மெர்சியா காவல்துறையிலும், லௌத் லிங்கன்ஷயர் காவல்துறையிலும், தெர்ஸ்க் நார்த் யார்க்ஷயர் காவல்துறையிலும் அடங்கும். அந்தப் பெயரைக் குறித்து வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

வரைபடம் மாத வாரியாக இருக்கும். கடைசி இரண்டு மாதங்களின் விவரம் பொதுவாக வந்திருக்காது. ஒரு மாதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. பன்னிரண்டு மாதங்களையும் புரட்டிப் பார்த்தால்தான் கோடை விடுமுறைக் கூட்டமும் குளிர்கால இருட்டும் தனித்தனியே தெரியும். மகள் குடியேறவிருந்த தெருவை நான் முதன்முதலில் திறந்தபோது, வீட்டுக்குப் பின்புறம் ஒரே புள்ளியில் இரண்டிலக்க எண் இருந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் புள்ளியைத் தொட்டு விரித்துப் பார்த்தேன். அது ஒரு பேரங்காடியின் வாகன நிறுத்துமிடம். அதில் பெரும்பகுதி கடைத்திருட்டு. அந்த வரைபடத்தில் குற்றம் நடந்த வாசலைக் காட்டுவதில்லை. பாதிக்கப்பட்டவர் இன்னார் என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு சம்பவத்தையும் அருகிலுள்ள பொதுப் புள்ளிக்கு நகர்த்திவிடுகிறார்கள். அப்படிப்பட்ட புள்ளியைச் சுற்றி குறைந்தது எட்டு முகவரிகளாவது இருக்க வேண்டும், அல்லது முகவரியே இல்லாத பூங்காவாகவோ நிறுத்துமிடமாகவோ இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே "இந்தத் தெருவில் அல்லது இதற்கு அருகில்" என்று எழுதியிருந்தால், அந்த 'அருகில்' என்ற சொல்லையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அடுத்ததாக வகைகள். நம் ஆட்கள் அதிகம் மிரள்வது இங்கேதான், ஏனென்றால் ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் "வன்முறையும் பாலியல் குற்றங்களும்" என்ற ஒரே தலைப்புதான் முதலிடத்தில் நிற்கும். அந்தத் தலைப்புக்குள் கொலையும் இருக்கிறது, கடுமையான தாக்குதலும் இருக்கிறது. காயமே இல்லாத தள்ளுமுள்ளும், பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதும், மிரட்டிக் குறுஞ்செய்தி அனுப்புவதும் அதற்குள்தான் வருகின்றன. அவற்றில் பல வீட்டுக்குள், தெரிந்தவர்களுக்கிடையே நடப்பவை. அவை சிறியவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் தெருவில் நடக்கும் அந்நியருக்கு வரும் ஆபத்தை அந்த எண் காட்டாது. அதற்கு வழிப்பறியையும், ஆளிடமிருந்து பொருளைத் திருடுவதையும் தனித்தனியே பாருங்கள். சிற்றூர்களில் இவை பல மாதங்களில் ஒன்றுகூட இல்லாமல் இருக்கும். வீட்டின் பாதுகாப்புக்கு, வீடு புகுந்து திருடும் வகையைப் பாருங்கள். சமூக விரோத நடத்தை என்று இன்னொன்று வரும். மதுக்கடை வாசலில் கூச்சல், பூங்காவில் இளைஞர்களின் ரகளை போன்றவை அவை, பெரும்பாலும் குற்ற வழக்கே ஆகாதவை. ஆனாலும் அந்தப் புள்ளிகள் எங்கே கூடுகின்றன என்று பார்த்தால், வெள்ளி, சனி இரவுகளில் எந்தத் தெருவைத் தவிர்க்கலாம் என்று தெரிந்துவிடும்.

ஆயிரம் பேருக்கு இத்தனை குற்றம் என்ற கணக்கைக் கவனத்துடன் கையாள வேண்டும். ஆடி அமாவாசையன்று ராமேசுவரம் அக்னி தீர்த்தக் கரையில் நிற்கும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். அன்று காணாமல் போகும் பர்சுகளையும் செல்பேசிகளையும் கூட்டி, ராமேசுவரத்தில் நிலையாகக் குடியிருப்போரின் தொகையால் வகுத்தால், அந்தத் தீவே திருடர் கூடாரம் போலத் தோன்றும். வந்த கூட்டம் வகுக்கும் எண்ணில் இல்லை என்பதுதான் காரணம். கும்ப்ரியாவின் கெஸ்விக், யார்க்ஷயர் கடற்கரையின் விட்பி போன்ற சுற்றுலா ஊர்களுக்கும், சுற்றியுள்ள நாற்பது கிராமங்களும் சந்தைக்கு வந்து போகும் ஊர்களுக்கும் இதே குறை உண்டு. இன்னொன்று: ஐயாயிரம் பேர் உள்ள ஊரில் சென்ற ஆண்டு இரண்டாக இருந்த திருட்டு இந்த ஆண்டு நான்கானால், "இரு மடங்கு உயர்வு" என்று செய்தி வரும். சிற்றூர்களைப் பொறுத்தவரை விழுக்காட்டை ஒதுக்கிவிட்டு எண்ணிக்கையையே பாருங்கள்.

நாடு முழுவதும் குற்றம் கூடுகிறதா குறைகிறதா என்று அறிய வேண்டுமானால், காவல்துறைப் பதிவு மட்டும் போதாது. பதிவு முறை சரியில்லை என்று 2014-ல் அந்த எண்களுக்கு இருந்த தேசியப் புள்ளிவிவரத் தகுதியையே திரும்பப் பெற்றார்கள். அதன்பிறகு கண்டிப்பாகப் பதியத் தொடங்கியதால் வன்முறை எண்கள் ஏறின. பொதுமக்களை நேரில் கேட்டு எடுக்கும் தேசியக் குற்றக் கணக்கெடுப்பு, 1990-களின் நடுப்பகுதியிலிருந்து திருட்டும் வன்முறையும் பெரிதும் குறைந்துவிட்டதையே காட்டுகிறது. ஊரகப் பகுதிகளின் குற்ற விகிதம் நகரங்களைவிடக் குறைவு என்பதும் அரசுக் கணக்கில் தொடர்ந்து வருவதுதான்.

அந்த ஊர்களுக்கே உரிய திருட்டுகளும் உண்டு. டிராக்டரின் ஜிபிஎஸ் கருவி, நான்கு சக்கர பைக், ஆடு, தேவாலயக் கூரையின் ஈயத் தகடு ஆகியவை அங்கே களவு போகும். நம் பிள்ளைக்கு இதில் நேரடியாகப் படுவது ஒன்றே ஒன்று: எரிவாயுக் குழாய் வராத கிராமப்புற வீடுகளில், வீட்டைச் சூடாக்கும் எண்ணெயைத் தோட்டத்தில் ஒரு தொட்டியில் வைத்திருப்பார்கள், அதை உறிஞ்சிக்கொண்டு போவோர் உண்டு. அப்படிப்பட்ட வீடானால், தொட்டிக்குப் பூட்டு இருக்கிறதா, அது தெருவிலிருந்து தெரியும்படி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

என் மனைவியின் கேள்விக்கு உண்மையான விடை குற்ற வரைபடத்தில் இல்லை, சாலையில்தான் இருந்தது. கூகுள் தெருக்காட்சியைத் திறந்து, மருத்துவமனை வாசலிலிருந்து வீட்டு வாசல்வரை அம்புக்குறியைத் தட்டித் தட்டி முழு வழியையும் நடந்து பாருங்கள். நான் அப்படி நடந்தபோது, ஊர் எல்லையைத் தாண்டியதும் நடைபாதை நின்றுபோனது. விளக்குக் கம்பமும் இல்லை. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு வேலிச்செடி, நடுவே ஒரு வண்டி போகும் அகலத்தில் தார்ச்சாலை. இப்படிப்பட்ட ஒற்றைச் சாலைகளில் வேறு பலகை இல்லாவிட்டால் மணிக்கு 60 மைல், அதாவது ஏறத்தாழ 96 கிலோமீட்டர் வேகம்வரை அனுமதி உண்டு. திசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். நடைபாதை இல்லாத சாலையில், எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலப்பக்கமாக நடக்க வேண்டும், ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டை அணிய வேண்டும் என்று அந்நாட்டுச் சாலை விதிநூல் சொல்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இருட்டில் நடந்து பழகிய நம் பிள்ளைகள் இதை அலட்சியமாக நினைக்கக்கூடும். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, ஞாயிற்றுக்கிழமை பேருந்து உண்டா என்று பாருங்கள். பல சிற்றூர்களில் ஞாயிற்றுக்கிழமை பேருந்தே இருக்காது. வாடகை சற்றுக் கூடினாலும், விளக்குள்ள நடைபாதை வழியே நடந்துபோகும் தொலைவில் வீடு எடுப்பதுதான் என் உறுதியான பரிந்துரை. நாங்களும் அப்படித்தான் மாற்றினோம்.

வீட்டைப் பொறுத்தவரை, விமானம் ஏறும் முன்பே நடக்கக்கூடிய களவு ஒன்று இருக்கிறது. அழகான படத்தைக் காட்டி, முன்பணம் அனுப்பினால்தான் வீடு என்று அவசரப்படுத்துவார்கள்; போய்ப் பார்த்தால் அந்த வீடு வேறொருவருடையதாக இருக்கும். பிள்ளையோ, அங்கே ஏற்கெனவே பணியிலிருப்பவரோ நேரில் பார்க்காமல் ஒரு பவுண்டும் அனுப்பாதீர்கள். இங்கிலாந்துச் சட்டப்படி, ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைந்த வீட்டுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. வாங்கியதை 30 நாட்களுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் செலுத்த வேண்டும். வீட்டுக்காரர் குடியிருக்கும் வீட்டிலேயே ஓர் அறையை எடுத்தால் இந்தப் பாதுகாப்புத் திட்ட விதி பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கதவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் வீட்டில் தாழ்ப்பாள் போட்டால் போட்டதுதான். அங்குள்ள பிளாஸ்டிக் சட்டக் கதவுகள் பலவற்றில், சாத்தியதும் வெளியிலிருந்து திறக்காது, பூட்டிவிட்டதுபோலவே தோன்றும். ஆனால் கைப்பிடியை மேலே தூக்கி, பிறகு சாவியைத் திருப்பினால்தான் சட்டத்துக்குள் இருக்கும் கொக்கிகள் எல்லாம் இறங்கும். என் மகள் முதல் இரண்டு வாரம் வெறுமனே சாத்திவிட்டே தூங்கியிருக்கிறாள். அடுத்த அறைப் பெண் பார்த்துச் சொன்னபிறகுதான் தெரிந்தது. மரக்கதவாக இருந்தால் நேர்மாறான தொல்லை: சாத்தியவுடன் தானே பூட்டிக்கொள்ளும், சாவி உள்ளே இருந்தால் குளிரில் நிற்க வேண்டியதுதான். குடியேறும் நாளிலேயே வீட்டுக்காரரைக் கதவைப் பூட்டித் திறந்து காட்டச் சொல்ல வேண்டும்.

பாதுகாப்புக்கென்று நாமே கொடுத்தனுப்பும் சில பொருட்கள் பிள்ளையைக் குற்றவாளியாக்கிவிடும். மிளகுத் தெளிப்பான் அங்கே துப்பாக்கிச் சட்டத்தின்கீழ்த் தடைசெய்யப்பட்ட ஆயுதம். கைப்பையில் வைத்திருப்பதே குற்றம். விரிக்கும்போது பூட்டிக்கொள்ளாத, மூன்று அங்குலத்துக்கு மேற்படாத சிறு மடக்குக்கத்தி தவிர, வேறெந்தக் கத்தியையும் தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் கொண்டுபோகக் கூடாது. இடுப்பில் கத்தியோடு படகேறிப் பழகிய நம் கடற்கரைப் பையன்களுக்கு இதை ஒருமுறைக்கு இருமுறை சொல்லுங்கள். உரக்கச் சத்தமெழுப்பும் சிறு அலாரக் கருவிக்குத் தடையில்லை.

அவசரத்துக்கு 999, அவசரமில்லாத புகாருக்கு 101. பேச முடியாத நிலையில் செல்பேசியிலிருந்து 999-ஐ அழைத்துவிட்டு, கேட்கும்போது 55 என்று அழுத்தினால் அழைப்பு காவல்துறைக்குப் போகும். 999-க்குக் குறுஞ்செய்தியும் அனுப்பலாம், ஆனால் முன்கூட்டியே எண்ணைப் பதிந்திருக்க வேண்டும். இறங்கிய முதல் நாளே பதியச் சொல்லுங்கள். பல சிற்றூர்களில் இரவில் திறந்திருக்கும் காவல் நிலையம் கிடையாது, காவலர் பக்கத்து நகரத்திலிருந்து வரவேண்டியிருக்கும் என்பதால், புகாரைத் தொலைபேசியிலோ இணையத்திலோதான் தருவார்கள். எஃப்.ஐ.ஆர். நகலை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். ஒரு குற்றப் பதிவெண் தருவார்கள், காப்பீட்டுக்கும் பிறவற்றுக்கும் அதுவே போதும்.

நிறமும் மதமும் பற்றிய அச்சத்தையும் மூடி மறைக்காமல் பேசுவோம். 2024 சூலை 29 அன்று சௌத்போர்ட்டில் சிறுமிகள் கொல்லப்பட்டபின், கொலையாளியைப் பற்றிப் பரவிய பொய்ச் செய்தியால் பல ஊர்களில் கலவரம் வெடித்து, பள்ளிவாசல்களும் புகலிடம் கோரியோர் தங்கிய விடுதிகளும் தாக்கப்பட்டன. நம் கடற்கரையிலிருந்து போகும் பிள்ளைகளில் பலர் தலைமறைப்பு அணிபவர்கள். அவர்களின் வீடுகளில் அந்த வாரம் எப்படிக் கழிந்தது என்று எனக்குத் தெரியும். நிறத்தையோ மதத்தையோ காரணமாக வைத்துத் திட்டுவதையும் தாக்குவதையும் வெறுப்புக் குற்றம் என்று தனியே குறித்துப் பதிவார்கள். சின்ன விஷயம்தானே என்று விட்டுவிடாமல், தேதியையும் இடத்தையும் எழுதிவைத்து 101-இல் சொல்ல வேண்டும். புகார் கொடுத்தால் விசா போய்விடும் என்ற பேச்சை நம்பாதீர்கள். மாறாக, குடிவரவு அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி, ஆவணத்தில் பிழை, உடனே பணம் கட்டு என்று மிரட்டும் தொலைபேசி வந்தால், அது மோசடி. பேசாமல் துண்டித்துவிட வேண்டும்.

பிள்ளை போனபிறகு, இங்கே ஒரு காகிதத்தில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவைக்க வேண்டியவை சில உண்டு: வீட்டின் முழு முகவரியும் அஞ்சல் குறியீடும், உடன் குடியிருப்பவரின் எண், பிள்ளை வேலை செய்யும் மருத்துவமனை வார்டின் தொலைபேசி எண், முன்பு குறித்துவைத்த காவல் படையின் பெயர். 999-ம் 101-ம் இந்தியாவிலிருந்து அழைத்தால் போகா. பல காவல் படைகளின் இணையதளத்தில் வெளிநாட்டிலிருந்து அழைப்பதற்கான எண் தனியே இருக்கும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் ஐந்தரை மணி நேரமும், மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி நேரமும் வித்தியாசம். அங்கே இரவு ஒன்பது என்றால் குளிர்காலத்தில் இங்கே அதிகாலை இரண்டரை. வீடு சேர்ந்ததும் ஒரு வரிச் செய்தி என்று நாங்கள் பேசி வைத்திருக்கிறோம். வராவிட்டால் ஒரு மணி நேரம் பொறுத்து அவளை அழைப்போம். எடுக்காவிட்டால் உடன் குடியிருக்கும் பெண்ணை. அவரும் எடுக்காவிட்டால் வார்டை, ஏனென்றால் பெரும்பாலும் வேலைதான் நீண்டுபோயிருக்கும். மூன்றும் பலிக்காதபோதுதான் காவல்துறை எண். அப்போது அவள் கடைசியாக எங்கே, எத்தனை மணிக்கு இருந்தாள், எந்த வழியாக நடந்து வருவாள் என்பதைச் சொல்லத் தயாராக, அந்த வழியின் சாலைப் பெயர்களையும் அதே காகிதத்தில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறோம்.