சின்னக் கடல்நீர்த் தொட்டி: முதல் மீனிலேயே கோட்டை விடாதீர்கள்

போன வாரம் தெரிந்த தம்பி ஒருவர் போனில் ஒரு படம் அனுப்பினார். 40 லிட்டர் தொட்டி, பார்க்க அழகாகத்தான் இருந்தது. நடுவில் கன்னங்கரேல் என்று, மூன்று வெள்ளைப் புள்ளியோடு ஒரே ஒரு மீன், டோமினோ டாம்சல். "அண்ணே, இது மட்டும்தான் நிக்குது. வேற எதைப் போட்டாலும் ரெண்டு மூணு நாள்ல செத்துடுது. தண்ணி டெஸ்ட் எல்லாம் சரியாத்தான் வருது" என்றார். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. பல வருடத்துக்கு முன்னால் நானும் இதே அளவுத் தொட்டியில் இதே மீனை விட்டு, இதையேதான் இன்னொருவரிடம் புலம்பினேன்.

தீனியை அள்ளிக் கொட்டாதீர்கள், உப்பை அளந்து போடுங்கள் என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. தொட்டி வாங்கிய அன்றே பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள். எந்த உயிரை, எப்போது உள்ளே விடுவது என்பதில் வரும் சறுக்கல்களை மட்டும் பார்ப்போம்.

## தொட்டியைப் பழக்க டாம்சல் விடுவது

புதுத் தொட்டியில் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அந்த பாக்டீரியாவுக்குச் சாப்பாடே அம்மோனியாதான். "ஒரு டாம்சலை விடுங்க, அது எதையும் தாங்கும், தொட்டி தானா செட் ஆயிடும்" என்பது கடைகளில் வழிவழியாக வரும் யோசனை. தாங்கும் என்பது உண்மைதான். கடல்நீரின் பி.எச். 8.1, 8.3 என்று இருப்பதால், அம்மோனியாவில் விஷமாக இருக்கும் பங்கு சாதாரண நன்னீர்த் தொட்டியைவிட அதிகம். செவுள் எரிய எரிய அதிலும் டாம்சல் பிழைத்துக்கொள்ளும். தொட்டி பழகிய பிறகும் அது அங்கேயே இருக்கும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

ஆறு வாரம் தனிக்காட்டு ராஜாவாக இருந்த மீனுக்கு அந்தத் தொட்டி முழுக்கப் பட்டா போட்ட நிலம். கடலிலேயே டாம்சல் வகைகளில் பல, தங்கள் பாசித் திட்டைக் காக்கத் தங்களைவிடப் பல மடங்கு பெரிய மீனைத் துரத்தும், முக்குளிப்பவரைக்கூட விடாது. கடலில் துரத்தப்படும் மீனுக்கு ஓட இடம் உண்டு. நம் தொட்டியில் கண்ணாடி வரைக்கும்தான் ஓடலாம். கல்லும் மணலும் போக, 40 லிட்டர் தொட்டியில் நிஜமாக நிற்கும் தண்ணீர் 30 லிட்டரை ஒட்டித்தான்.

என்னுடையதும் டோமினோ டாம்சல்தான். கட்டைவிரல் நகம் அளவில் வாங்கினேன். அது 14 செ.மீ. வரை வளரும் என்று கடைக்காரர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தொட்டி பழகியதும் ஃபயர்ஃபிஷ் என்ற சாதுவான சின்ன மீன் ஒன்றை விட்டேன். மறுநாள் காலை அது வால் கிழிந்து, ஃபில்டர் மூலையில் நீர்மட்டத்தை ஒட்டி, வாயை மேலே தூக்கிக்கொண்டு நின்றது. மூன்றாம் நாள் அது இல்லை. தண்ணீரில் கோளாறு என்று நினைத்து, பாதித் தண்ணீரை மாற்றினேன். அப்புறம் ஒரு கோபி மீன், அதுவும் போயிற்று. அப்புறம் ஒரு க்ளீனர் இறால். ஓடு கழற்றி உடம்பு மெத்தென்று இருந்த இரவில் அதன் கதை முடிந்தது; காலையில் வெள்ளை மீசை மட்டும் மணலில் கிடந்தது. அன்றுதான் எனக்குப் புத்தி வந்தது.

சரி, பிடித்துவிடலாம் என்று வலையை எடுத்தால், வலை தண்ணீரைத் தொடும் முன்பே அது கல்லுக்குள். நடுராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன், பலிக்கவில்லை. பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டி, தலைகீழாகச் செருகி, உள்ளே தீனி வைத்துப் பொறி செய்தேன். டோமினோ பாட்டில் வாய்க்கு நேராக வந்து நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தது. நீரோட்டத்தில் மிதந்து வெளியே வரும் துணுக்குகளை ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்றுவிட்டு, நிதானமாகத் திரும்பிப் போயிற்று. ஐந்து நாள் இதே கூத்து. பொறியில் மாட்டியதெல்லாம் நத்தை. கடைசியில் கல் அத்தனையையும் வாளிக்கு மாற்றி, முக்கால்வாசித் தண்ணீரை இறைத்து, கணுக்கால் உயரத் தண்ணீரில் அதைப் பிடித்தேன். கலங்கிய மணலால் மறுநாள் அம்மோனியா ஏறி, கல்லில் ஒட்டிவைத்திருந்த ஸோவாந்தஸ் பவளம் பாதி கரைந்தது. இருப்பதிலேயே மலிவான மீன் அது!

மீனே இல்லாமல் தொட்டியைப் பழக்கலாம். அம்மோனியம் குளோரைடு கரைசலை 2 பி.பி.எம். காட்டும் வரை விடுங்கள். 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்துக்கு இறங்கினால் தொட்டி தயார். கரைசல் கிடைக்காவிட்டால், சமையலுக்கு வாங்கிய பச்சை இறாலில் ஒரு துண்டு போதும். நாறும், ஆனால் வேலை நடக்கும்.

ஏற்கெனவே டாம்சலை விட்டவர்கள் பாட்டில், தூண்டில் என்று ஒரு மாதத்தை வீணாக்க வேண்டாம். பவளம் ஒட்டுவதற்கு முன்பே கல்லை வெளியே எடுத்துவிடுங்கள். தம்பிக்கும் அதைத்தான் சொன்னேன். "பாட்டில் வெச்சுப் பாக்கறேன் அண்ணே" என்றார்.

## வரிசை மாறுவது

சாது முதலில், சண்டியர் கடைசியில். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டு, மூன்று வாரமாவது விடுங்கள். 40 லிட்டரில் நான் முதலில் விடுவது ஒரு சின்ன கோபியும் அதோடு சேரும் பிஸ்டல் இறாலும். இறால் வளை தோண்டும். கோபி வாசலில் காவல் நிற்கும். கண் சரியாகத் தெரியாத அந்த இறால், வெளியே வரும்போதெல்லாம் ஒரு மீசையை கோபியின் மேல் வைத்தபடியே மண் தள்ளுவதை மணிக்கணக்கில் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: கல்லை மணல் மேல் அடுக்காதீர்கள், அடிக்கண்ணாடியில் உட்காரவைத்துவிட்டு மணலைச் சுற்றிப் போடுங்கள். இல்லையென்றால் இறால் அடியில் தோண்டித் தோண்டி ஒரு நாள் மொத்தமும் சரியும்.

அதற்கப்புறம் ஒரு க்ளீனர் இறால், வேண்டுமானால் இன்னொரு சின்ன மீன். அவ்வளவுதான். க்ளவுன் மீன் ஜோடி கேட்பவர்களுக்கு 40 லிட்டரில் நான் தலையாட்ட மாட்டேன்; இன்னும் பெரிய தொட்டி வாங்குங்கள். வாங்கினால், ஒன்று பெரியதாகவும் ஒன்று சின்னதாகவும் எடுங்கள். க்ளவுன் எல்லாம் ஆணாகத்தான் பிறக்கும். பெரியது பெண்ணாக மாறும். சம அளவில் இரண்டை விட்டால், யார் பெண் என்று தீரும் வரை அடிதடிதான்.

## மாண்டரின் மீன்

வேண்டாம். நாள் முழுக்கக் கல்லில் கோப்பிபாட் என்ற பொடி உயிர்களைப் பொறுக்கித் தின்னும் மீன் அது. சின்னத் தொட்டியில் கண்ணெதிரே பட்டினி கிடந்து சாகும்.

## மூடி

போடுங்கள். ஃபயர்ஃபிஷ் குதிக்கும்.

## எல்லாக் கோடு போட்ட இறாலும் ஒன்று என்று நினைப்பது

தொட்டியில் தொல்லையாகப் பரவும் எய்ப்டேசியா அனிமோனியைத் தின்னும் என்று பெப்பர்மின்ட் இறாலைக் கேட்டு, கேமல் இறாலோடு வீட்டுக்கு வருபவர்கள் நிறைய. கேமலுக்கு முதுகில் கூன், பெரிய கண், சிவப்பு உடம்பில் வலைபோல வெள்ளைக் கோடு. பெப்பர்மின்ட்டுக்கு உடம்பு கண்ணாடி மாதிரி, சிவப்புக் கோடுகள் நீளவாக்கில் ஓடும். கேமல் உங்கள் மென்பவளத்தைப் பிய்த்துத் தின்னும். சிவப்பு வெள்ளைப் பட்டையும் நீண்ட கொடுக்கும் உள்ள கோரல் பேண்டட் இறால் இன்னொரு ரகம்: சின்னத் தொட்டியில் வேறு இறாலை உயிரோடு விடாது.

## செம்பு மருந்து

இறால் இருக்கும் தொட்டியில் ஒரு துளிகூடக் கூடாது. மீனுக்கு நோய் என்றால் மீனை வேறு தொட்டிக்கு மாற்றி அங்கே கொடுங்கள்.

## பையோடு கவிழ்ப்பது

ஒட்டுண்ணிக்குப் பயந்து சில கடைகளில் உவர்ப்பை (ஒப்படர்த்தியில்) 1.020 அளவில் வைத்திருப்பார்கள். உங்கள் தொட்டியோ 1.025. இறாலுக்கு அந்தத் திடீர் ஏற்றம் ஆகாது. பைத் தண்ணீரோடு ஒரு பாத்திரத்தில் விட்டு, மெல்லிய குழாயில் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரத்துக்கு மேல் இறக்குங்கள். குழாயில் ஒரு முடிச்சுப் போட்டால் வேகம் கட்டுக்குள் நிற்கும்.

## "செத்த" இறால்

டோமினோ போன பிறகு மறுபடி க்ளீனர் இறால் வாங்கினேன். மூன்றாவது வாரம் காலையில் அது அசையாமல் மல்லாந்து கிடந்தது. நொந்துபோய் அன்று மதியமே இன்னொன்று வாங்கிவந்து, சொட்டுக் குழாய் எல்லாம் வைத்து, சாயங்காலம் உள்ளே விட்டேன். ராத்திரி தீனி போட்டபோது கல்லுக்குப் பின்னாலிருந்து இரண்டு இறால் வந்தன. காலையில் கிடந்தது கழற்றிப்போட்ட ஓடு.