பார்வால்புமின் சாயம் ஏறவில்லையா? ஆன்டிபாடியைக் குறை சொல்லும் முன்

மீன் தசைத் துண்டில் பார்வால்புமின் என்ற புரதத்தை ஆன்டிபாடி கொண்டு தேடிப் பழுப்பு நிறமேற்றிப் பார்க்கும் சோதனையில், ஸ்லைடு வெளிறிப்போய் வந்ததும் "ஆன்டிபாடி சரியில்லை, வேறு வாங்கலாம்" என்று பேச்சு கிளம்பிவிடும். பல நேரம் கோளாறு அதற்கு வெகுமுன்பே, ஐஸ் பெட்டியிலேயே நடந்து முடிந்திருக்கும்.

பார்வால்புமின் தசையில் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் சிறு புரதம். எடை சுமார் 12 கிலோடால்டன். மீன் அலர்ஜிக்கு முக்கியக் காரணமும் இதுதான். தண்ணீரில் சுலபமாகக் கரையும், சிக்கலே அங்கேதான். பாம்பனிலோ மண்டபத்திலோ காலையில் வாங்கிய சாளையைத் துண்டு போட்டு ஐஸில் புதைத்தால், உருகும் தண்ணீர் துண்டை அலசிக்கொண்டே இருக்கும். புரதமும் கூடவே போய்விடும். மீனை முழுசாகப் பையில் கட்டி ஐஸில் வையுங்கள். முடிந்தால் கரையிலேயே 3–4 மி.மீ. கனத்தில் வெட்டி, திசுவைக் கெடாமல் நிறுத்திவைக்கும் ஃபார்மலின் கலவையில் போடுங்கள்; துண்டைப்போல் 10 முதல் 20 மடங்கு திரவம், 24 மணி நேரம், பிறகு 70% ஆல்கஹால்.

ஃபார்மலினைக் கடல் தண்ணீரில் கலப்பது காட்சிக்கு வைக்கும் மாதிரிகளுக்குச் சரி, இந்த வேலைக்கு ஆகாது. பாஸ்பேட் பஃபர் (புளிப்பு ஏறாமல் காக்கும் உப்புக் கலவை) சேர்த்தால் கடல் தண்ணீரின் கால்சியமும் மெக்னீசியமும் கலங்கிப் படியும். பஃபர் இல்லாமல் விட்டாலோ புளித்துப்போன ஃபார்மலின் ரத்தம் உள்ள இடமெல்லாம் பழுப்புக் கறுப்புத் துகளைப் படியவைக்கும், பார்த்தால் டி.ஏ.பி. (ஆன்டிபாடி ஒட்டிய இடத்தைப் பழுப்பாகக் காட்டும் வேதிப்பொருள்) நிறம்போலவே இருக்கும். சரியான கலவை: 100 மி.லி. ஃபார்மலின், 900 மி.லி. வாலைவடிநீர், சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். இவ்வளவுதான்.

அடுத்தது கால்சியம். சில குளோன்கள் (ஒரே செல்லின் வழிவந்த ஆன்டிபாடி வகைகள்) கால்சியம் ஒட்டிய நிலையில் உள்ள புரதத்தைத்தான் நன்றாக அடையாளம் காணும். ஃபார்மலினால் மறைந்த புரதத்தை ஆன்டிபாடிக்கு வெளிக்காட்ட, ஸ்லைடைப் பி.எச். 9 இ.டி.டி.ஏ. பஃபரில் கொதிக்கவைத்தால் இருக்கும் கால்சியத்தையும் உருவிவிடும். அதற்குப் பதில் 10 மில்லிமோலார் சிட்ரேட், பி.எச். 6.0 கொண்டு தொடங்குங்கள். சிட்ரேட்டும் ஓரளவு கால்சியத்தை இழுக்கும் என்பதால், அதன்பின் 1–2 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு சேர்த்த டி.பி.எஸ்.ஸில் (டிரிஸ் பஃபர் உப்புக் கரைசல்) கழுவி, ஆன்டிபாடியையும் அதிலேயே கரையுங்கள். பி.பி.எஸ்.ஸில் (பாஸ்பேட் பஃபர் உப்புக் கரைசல்) கால்சியம் போட்டால் பாஸ்பேட்டோடு சேர்ந்து வெள்ளைப் பொடியாய் ஸ்லைடில் ஒட்டும். "நம்ம ஊர் போர் தண்ணியிலயே கால்சியம் இருக்கே" என்று சிக்கனம் பார்க்க வேண்டாம். அதில் வேறு என்ன உப்பு எவ்வளவு என்று யார் கண்டது? செல் கருக்களைக் காட்டும் ஹெமடாக்சிலின் சாயத்தை நீலமாக்கும் கடைசி அலசலுக்கு வேண்டுமானால் அந்தத் தண்ணீர் உதவும்.

மீனைத் தேர்ந்தெடுப்பதிலும் சறுக்கலாம். தவளைத் தசைப் புரதத்தைக் கொண்டு உருவாக்கிய பார்வ்-19 குளோன் பல மீன்களில் வேலை செய்யும், எல்லாவற்றிலும் ஒரே அளவில் அல்ல. சூரையில் இந்தப் புரதமே குறைவு. சுறா, திருக்கையில் இருப்பது பெரும்பாலும் ஆல்ஃபா வகை, எலும்பு மீன்களில் பீட்டா வகை. ஆகவே கண்மாய்க் கெண்டையின் வெள்ளைத் தசை ஒன்றை கண்ட்ரோலாக (ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரியாக) எப்போதும் கூட ஓட்டுங்கள். இன்னொரு கண்ட்ரோல் காசில்லாமல் கிடைக்கிறது: தோலுக்கு அடியில், பக்கக்கோட்டை ஒட்டி ஓடும் செந்தசைப் பட்டை. வெள்ளைத் தசையும் அதுவும் ஒரே வெட்டில் வரும்படி எடுங்கள். வெள்ளை நார்கள் அடர்பழுப்பாகவும் செந்தசை வெளிறியும் நின்றால் சாயம் சரி. இரண்டும் ஒரே பழுப்பு என்றால் நீங்கள் பார்ப்பது பின்னணிக் கறை.

அப்படி வந்தால் முதலில் ஆன்டிபாடியின் செறிவைக் குறையுங்கள். வெள்ளைத் தசையில் புரதம் கொட்டிக் கிடக்கிறது, 1:500 பல நேரம் அதிகம். 1:1000, 1:2000, 1:4000 என்று இறங்கிப் பாருங்கள். ரத்த அணுக்களே பழுப்பானால், அவற்றில் இயல்பாக உள்ள பெராக்சிடேஸ் வினையை முடக்கப் போட்ட பெராக்சைடு செத்திருக்கும். வெயிலில் கிடந்த பாட்டிலை நம்பாமல், குளிரில் வைத்த 30% பெராக்சைடைப் புதிதாக 3% ஆக்கி 10 நிமிடம் வையுங்கள். டி.ஏ.பி.யைப் பழுப்பாக்கும் பெராக்சிடேஸ் என்சைம் ஒட்டிய ஆன்டிபாடிக்கான பஃபரில் சோடியம் அசைடு இருக்கவே கூடாது, என்சைமை முடக்கிவிடும்.

தோலோடு வெட்டிய துண்டில் கறுப்பு நிறச் செல்களின் மெலனினை டி.ஏ.பி.யிலிருந்து கண்ணால் பிரிப்பது கஷ்டம். ஆன்டிபாடியும் டி.ஏ.பி.யும் போடாத ஸ்லைடிலும் அந்தச் செல்களில் அதே பழுப்பு இருந்தால் அது மெலனின்தான். சிவப்பு நிறம் தரும் அல்கலைன் பாஸ்பட்டேஸ் முறைக்கு மாறிவிடுங்கள்.