நாயின் வளைந்த முன்னங்காலை நேராக்கும் 3டி அச்சிட்ட கைடு: திட்டமிடுவது முதல் தகடு பொருத்துவது வரை

வளரும் குட்டியின் முன்னங்காலில் முழங்கைக்குக் கீழுள்ள இரண்டு எலும்புகளில் ஒன்றான அல்னாவில், மணிக்கட்டை ஒட்டிய வளர்ச்சித் தட்டு (எலும்பு நீளும் குருத்தெலும்புப் பகுதி) அடிபட்டு முன்கூட்டியே மூடிக்கொண்டால், மற்ற எலும்பான ரேடியஸ் மட்டும் தொடர்ந்து வளர்ந்து, நாண் இழுத்த வில்லாக முன்புறம் வளைந்து, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பிவிடுகிறது. டாக்ஸ்ஹுண்ட், பாஸெட் ஹவுண்ட் போன்ற குட்டைக்கால் இனங்களில் அடிபடாமலும் இது வரும். சாய்வை எக்ஸ்ரேயில் அளந்துவிடலாம். முறுக்கை அதில் துல்லியமாகக் கணிப்பது கடினம். அதனால்தான் எலும்பின்மேல் உட்கார்ந்து ரம்பம் வெட்ட வேண்டிய இடத்தையும் கோணத்தையும் காட்டும், அந்த ஒரு நாய்க்கென்றே 3டியில் அச்சிடப்படும் கைடு தேவைப்படுகிறது.

முதலில், மயக்கம் கொடுத்து, முழங்கை முதல் பாதம் வரை இரண்டு முன்னங்கால்களையும் 1 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய துண்டுகளாக சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். மறுகால் நன்றாக இருந்தால் அதைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அளவுகோலாகக் கொள்ளலாம்; குட்டைக்கால் இனங்களில் இரண்டுமே வளைந்திருக்கக்கூடும் என்பதால் அந்த வழியை நம்ப முடியாது. நாய் இன்னும் வளர்கிறது என்றால் பழைய ஸ்கேனை வைத்துத் திட்டமிடக் கூடாது.

ஸ்கேனிலிருந்து எலும்பைப் பிரித்தெடுக்கும்போது அடர்த்தி வரம்பைத் தாழ்வாக வைத்தால் சுற்றியுள்ள தசையும் எலும்பாகிவிடும், உயர்த்தினால் மெல்லிய விளிம்புகள் மறைந்துவிடும். இரண்டிலும் கைடு எலும்பில் உட்காராது. பிறகு இரு மூட்டுகளின் கோட்டையும் வளைவுக்கு மேலும் கீழும் எலும்பின் அச்சுகளையும் (நடுக்கோடுகளையும்) வரைந்து, அச்சுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் வெட்டைத் தீர்மானிக்க வேண்டும். ஆப்பு வடிவில் எலும்பை எடுத்து மூடுவது உறுதியானது, ஆனால் கால் சற்றுக் குட்டையாகும். வெட்டிய எலும்பைப் பிடிக்கும் உலோகத் தகட்டையும் திருகுகளையும் திரையிலேயே பொருத்திப் பார்த்துவிடுவது நல்லது.

கைடை வடிவமைக்கும்போது அது எலும்பில் ஒரே ஒரு நிலையில் மட்டும் பொருந்துகிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். ரேடியஸின் முன்பக்கம் வழுவழுப்பானது. கைடின் ஓரத்தை எலும்பின் விளிம்பைத் தாண்டி மடக்கினால்தான் அது வழுக்காமல் நிற்கும். ரம்பத்துக்கான பிளவு பிளேடின் தடிமனைவிட மிகச் சிறிதே அகலமாக இருக்கட்டும். அதிகமானால் பிளேடு சாயும், கோணமும் கெடும். வெட்டுக்கு மேலும் கீழும் உலோகப் பின்கள் செல்லும் துளைகளை, எலும்பு நேரானதும் எல்லாப் பின்களும் இணையாக நிற்கும்படி சாய்த்து வைக்க வேண்டும். அப்போதுதான் எலும்பைச் சேர்க்கும் இரண்டாவது கைடு அவற்றின்மேல் நேராக இறங்கும்.

அறுவைக்கு உகந்த ரெசினில் அச்சிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, புற ஊதா ஒளியில் இறுக்கி, தயாரிப்பாளர் சொன்ன முறையில் கிருமி நீக்க வேண்டும். நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் வெப்பத்தில் சில ரெசின்கள் வளையும் என்பதால், கைடோடு ஒரு மாதிரி எலும்பையும் அச்சிட்டு, இரண்டையும் ஒன்றாகக் கிருமி நீக்கி, மேசையில் பொருத்திப் பார்ப்பது என் கருத்தில் தவிர்க்கக் கூடாத படி.

அறுவையில், கைடு உட்காரும் இடத்திலுள்ள மென்திசுவைச் சுத்தமாக விலக்க வேண்டும். அங்கே ஒரு நூலிழைத் திசு எஞ்சினாலும் கைடு தூக்கிக்கொள்ளும். பின்களைச் செலுத்தி, உப்புநீர் ஊற்றிக் குளிர்வித்தபடி ரேடியஸை வெட்ட வேண்டும். அல்னாவையும் வெட்டாமல் விட்டால் ரேடியஸ் திரும்பாது. வெட்டும் கைடை எடுத்துவிட்டு, சேர்க்கும் கைடை இறக்கி, தகட்டைத் திருகியபின், ரெசின் துகள்கள் தங்காதபடி காயத்தைக் கழுவ வேண்டும். கைடு சரியாக உட்காராவிட்டால் அழுத்தித் திணிக்காமல் வழக்கமான முறைக்கே மாறிவிடுவது நல்லது.

அறுவை முடிந்த உடனே எக்ஸ்ரே எடுத்துத் திட்டத்தோடு ஒப்பிட்டு, 6 முதல் 8 வாரங்களில் மீண்டும் எடுத்து, எலும்பு கூடியது தெரியும்வரை நாயை வாரில் பிடித்தே சிறிது தூரம் நடத்த வேண்டும்.