பழைய மஸ்டாங்: டிங்கரிங் முதல் பெயிண்ட் வரை

ஃபோர்டு மஸ்டாங் 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமானது. 1965, 1966 மாடல்கள் லட்சக்கணக்கில் விற்றதால், அமெரிக்காவில் பழைய காரைச் சீரமைக்க முனைவோர் பலர் இன்றும் இதில்தான் கைவைக்கிறார்கள். தகரப் பாகங்களும் பெரும்பாலும் புதிதாகவே கிடைக்கின்றன. ஆனால் இந்தக் காருக்குத் தனி சேசிஸ், அதாவது பாரம் தாங்கும் அடிச்சட்டம், கிடையாது. தரைத்தகடு, கதவுக்குக் கீழே நீளும் பெட்டி, முன்பக்கச் சட்டங்கள் ஆகிய அனைத்தும் ஒன்றோடொன்று வெல்டிங் செய்யப்பட்டு மொத்தமாகவே பாரம் தாங்குகின்றன. துருவுக்கு மேல் பெயிண்ட் அடித்தால் வண்ணம் ஓரிரு மழைக்காலத்தில் கொப்புளிப்பதோடு, உள்ளே வண்டியின் வலுவும் குறைந்துகொண்டே போகும். எனவே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

முன் கண்ணாடிக்கும் பானட்டுக்கும் நடுவில் காற்று உள்ளே போவதற்கான துளைகள் வரிசையாக இருக்கும். அவற்றுக்கு அடியில் ‘கௌல்’ எனப்படும் மூடிய பெட்டி இருக்கிறது. மழைநீர் இதற்குள் விழுந்து இரு ஓரங்களிலும் வெளியேற வேண்டும். காற்று மட்டும் உள்ளே செல்ல, தொப்பி போன்ற இரண்டு உயரமான வளையங்கள் உண்டு. சருகுகள் இந்த வளையங்களின் அடியில் சேர்ந்து மக்கி, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால், வளையம் தட்டோடு சேரும் இடம் அரித்துப்போகிறது. சோதனை எளிது: தரைவிரிப்பைக் கழற்றிவிட்டு, துளைகளின் மேல் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றி, முன்னிருக்கைகளின் கால்வைக்கும் பகுதியை டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் கௌலைத் திறந்தாக வேண்டும். மேலிருந்து பசையோ பிசினோ ஊற்றி அடைப்பது சில காலம் தாங்கும் என்றாலும், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பானட், மட்கார்டுகள், முன் கண்ணாடி ஆகியவற்றைக் கழற்றி, தகடுகளைப் புள்ளி புள்ளியாக இணைத்திருக்கும் ஸ்பாட் வெல்டுகளை அதற்கென உள்ள 8 மில்லிமீட்டர் கட்டரால் மேல்தகட்டை மட்டும் துளைத்துப் பிரித்து, அரித்த பகுதியை மாற்றி, அதே துளைகள் வழியாக மீண்டும் வெல்டிங் செய்து, சீலர் பூசி மூடுவதே நிரந்தரமான வழி. மெனக்கெடும் வேலைதான், ஆனால் இதைத் தள்ளிப்போட்டால் புதிதாகப் போடும் தரைத்தகடும் வீணாகிவிடும்.

அடுத்து, துணி சுற்றிய சிறு காந்தத்தை வண்டி முழுவதும் ஓட்டிப் பாருங்கள். அது ஒட்டாத இடத்தில் பட்டி கனமாக இருக்கிறது என்று பொருள். பின்சக்கர வளைவின் ஓரம், டிக்கியின் இரு பக்கக் குழிகள், வலது முன்புறம் பேட்டரிக்கு அடியில் அமிலம் ஒழுகியிருக்கக்கூடிய தகடு ஆகியவற்றில் கூடுதல் கவனம் வேண்டும். பழைய பெயிண்ட்டை நீக்க, பரந்த தகடுகளில் மணல் வீச்சைப் பயன்படுத்தாதீர்கள். பானட்டும் கதவும் நெளிந்துவிட்டால் அவற்றைச் சமன் செய்வது பெரும்பாடு. கூரையும் பின்பக்கத் தகடும் சேரும் இடத்தைத் தொழிற்சாலையில் ஈயம் கொண்டு நிரப்பியிருக்கிறார்கள். அங்கே கிரைண்டர் வைத்தால் ஈயத்தூள் காற்றில் பறக்கும். உரிய முகக்கவசத்துடன், கை அரத்தால் சீவுவதே பாதுகாப்பு.

தரையையோ கதவடிப் பெட்டியையோ வெட்டும் முன், கதவு நிலைகளுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாகப் பற்றவைத்து, வண்டியின் எடை சக்கரங்கள் தாங்கும் இடங்களிலேயே நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கூரையில்லாத கன்வர்ட்டிபிளில் இதைத் தவிர்க்கவே முடியாது. புதிய தகட்டை முதலில் கிளாம்ப் மட்டும் போட்டுப் பிடித்து, கதவை மாட்டி, மூடித் திறந்து, இடைவெளி மேலிருந்து கீழ்வரை சுமார் 4 முதல் 5 மில்லிமீட்டர் அளவில் சீராக இருக்கிறதா என்று பார்த்த பிறகே வெல்டிங்கைத் தொடங்க வேண்டும். மெல்லிய தகரத்துக்கு 0.6 மில்லிமீட்டர் மிக் வெல்டிங் கம்பி போதும். தொடர்ச்சியாக வெல்டிங் ஓட்டாமல், ஒன்றுக்கொன்று தள்ளியுள்ள இடங்களில் புள்ளிகளாக வைத்து, கையால் தொடும் அளவுக்கு ஆறிய பின் அடுத்த புள்ளிக்குச் செல்லுங்கள். ஒடுக்குகளைச் சுத்தியலும், தகட்டின் மறுபக்கம் முட்டுக்கொடுக்கும் இரும்புக் கட்டையான டாலியும் கொண்டு இயன்றவரை தகரத்திலேயே எடுத்துவிட வேண்டும்.

சுத்தமான தகரம் ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே துருப்பிடிக்கத் தொடங்குமாதலால், அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் அடித்துவிடுங்கள். அதன் மேல் பட்டி பார்க்கலாம். கனம் 3 மில்லிமீட்டரைத் தாண்டினால், குறை தகரத்தில்தான் இருக்கிறது.

இனி வருவது பொறுமை கேட்கும் கட்டம். மஸ்டாங்கின் பக்கவாட்டில் முன்னிருந்து பின்னே ஓடும் அழுத்தமான கோடு, மட்கார்டிலிருந்து கதவுக்கும் கதவிலிருந்து பின்தகட்டுக்கும் தடையின்றிப் போக வேண்டும். எனவே மூன்றையும் வண்டியில் பொருத்திய நிலையிலேயே தேய்க்க வேண்டும். நுண்ணிய கீறல்களை நிரப்பும் பிரைமரான சர்ஃபேசர் அடித்துக் காய்ந்ததும், கறுப்புப் பொடியையோ மெல்லிய கறுப்பு ஸ்ப்ரேயையோ மேலே பரப்பி, நீளமான கட்டையில் 180 எண் உப்புத்தாளைச் சுற்றி, ஒருமுறை ஒரு சாய்விலும் மறுமுறை எதிர்ச்சாய்விலும் தேயுங்கள். கறுப்பு தங்கும் இடம் பள்ளம். முதலில் மறையும் இடம் மேடு. விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் தடமே பள்ளமாகும். அது பெயிண்ட் பளபளக்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியும். பிறகு 320, 400 என நுணுக்கமான தாளுக்கு மாறுங்கள். மெட்டாலிக் நிறமென்றால் 600 வரை போக வேண்டும்.

அசல் நிறத்தை அறிய, ஓட்டுநர் கதவின் ஓரத்திலுள்ள சிறு தகட்டைப் பாருங்கள். 1965 மாடலில் எம் என்றால் விம்பிள்டன் வெள்ளை, ஜே என்றால் ரங்கூன் சிவப்பு, ஏ என்றால் ரேவன் கறுப்பு. வண்டி எந்த நிறமானாலும் எஞ்சின் அறைக்கு மங்கலான கறுப்புதான் அடிக்கப்பட்டது. அன்றைய ஃபோர்டு வண்டிகளுக்கு அடித்தது சூளையில் சுட்ட எனாமல் என்பதால், மெட்டாலிக் அல்லாத நிறங்களுக்குக் கிளியர் கோட் எனும் நிறமற்ற மேல்பூச்சு இல்லாத ஒற்றைக்கட்ட டூகே (2K, ஹார்டனர் கலந்து அடிப்பது) பெயிண்ட்டையே நான் தேர்வேன். கண்ணாடி பூசியதுபோன்ற இன்றைய மினுக்கம் இந்த வண்டிக்கு அந்நியமாகத் தோன்றுகிறது. ஸ்ப்ரே கன்னில் 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர் முனை, தகட்டிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் தொலைவு, ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மூடும்படியான ஓட்டம், பூச்சுகளுக்கிடையே டப்பாவில் சொல்லப்பட்ட இடைவேளை ஆகியவற்றைக் கடைப்பிடியுங்கள். டூகே பெயிண்ட்டின் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது; மூக்குக்கு அது தெரியாமலே நுரையீரலைப் பாதிக்கும். வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தமான காற்று தரும் முகக்கவசமும், தோலை மூடும் உடையும் இல்லையென்றால், இந்தக் கட்டத்தை மட்டும் பெயிண்ட் பூத் உள்ள பட்டறையிடம் ஒப்படையுங்கள்.

பெயிண்ட் நன்றாக இறுகிய பின் 1500, 2000 தாள்களால் நீர் விட்டுத் தேய்த்து மெருகேற்றலாம். மடிப்புகளின் முனையில் பூச்சு மெலிந்திருக்கும் என்பதால் அங்கே டேப் ஒட்டி விலகிச் செல்லுங்கள். கடைசியாக, கதவடிப் பெட்டியின் வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, உட்புறத்தில் மெழுகுக் கலவையை நீண்ட குழல் மூலம் பீய்ச்சி, அது வழிந்து நின்றதும் துளைகளை மீண்டும் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.