சூடானதும் நின்றுபோகும் ஆர்எக்ஸ் 100: சிடிஐ பெட்டி வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

காலையில் ஒரே கிக்கில் எழும் வண்டி, 15 கிலோமீட்டர் ஓடியதும் பட்டென்று அணைந்துவிடும். எத்தனை கிக் அடித்தாலும் எழாது. ஓரமாக நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு வந்தால், ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். எங்கள் வீட்டு 1993 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் ஒரு கோடை முழுக்க இப்படித்தான் எங்களை ரோட்டில் நிறுத்தியது. ஒரு கடையில் சிடிஐ பெட்டியை, அதாவது பிளக்குக்கு ஸ்பார்க்கை நேரம் பார்த்து அனுப்பும் எலக்ட்ரானிக் பெட்டியை, மாற்றினார்கள். இரண்டு வாரத்தில் இன்னொன்று. கோளாறு போகவே இல்லை, ஏனென்றால் அது பெட்டியிலேயே இல்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒரு பிளக் ஸ்பேனர், ஒரு சாதாரண மல்டிமீட்டர், கொஞ்சம் பொறுமை இருந்தால் பாதி வேலையை வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம்.

ஸ்பார்க் எங்கிருந்து வருகிறது

1985 முதல் 1996 வரை நம் ஊரில் விற்ற இந்த 98 சிசி வண்டியில் பழைய வண்டிகளில் ஸ்பார்க் நேரத்தைப் பார்த்துக்கொண்ட பிளாட்டினம் பாயிண்ட் கிடையாது, சிடிஐதான். இஞ்சினின் இடப்பக்கம் மேக்னெட் (காந்தம் பதித்த சக்கரம்) சுற்றும்போது, அதற்குள் இருக்கும் சோர்ஸ் காயிலில் மின்சாரம் பிறக்கிறது. சிடிஐ பெட்டி அதை உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் சேர்த்து வைக்கிறது. பல்சர் காயில் ‘இப்போது’ என்று சிக்னல் கொடுத்ததும், சேர்ந்தது மொத்தமும், வோல்டேஜை ஏற்றி பிளக்குக்கு அனுப்பும் இக்னிஷன் காயிலுக்குப் பாய்கிறது. குழாயில் சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீரை வாளியில் பிடித்து, ஒரே வீச்சாக ஊற்றுவதுபோல.

இதிலிருந்து இரண்டு விஷயங்களை மனதில் வையுங்கள். ஸ்பார்க்குக்கு பேட்டரி தேவையில்லை. அதைக் கழற்றி வைத்தாலும் வண்டி ஓடும். அப்புறம், ஹெட்லைட்டுக்கு வேறு காயில். லைட் பளிச்சென்று எரிகிறது என்பதற்காக ‘மேக்னெட் சரியாக இருக்கிறது’ என்று முடிவு செய்துவிடாதீர்கள். நாங்கள் அந்தத் தப்பைத்தான் செய்தோம்.

முதலில் பெட்ரோலா, கரண்டா?

பெட்ரோல் வரத்து குறைந்தால் வண்டி இழுவை குறைந்து, திணறித் திணறி நிற்கும். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இப்படித்தான் ஆகும். மூடியைத் திறந்து மூடினால் சரியாகும். ஸ்பார்க் போனால் சுவிட்சை அணைத்ததுபோல ஒரே நொடியில் நிற்கும். நின்ற இடத்திலேயே, சூடு ஆறுவதற்குள் பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டும். ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

பிளக்கை கேப்பில் மாட்டி, அதன் உலோகப் பகுதியை சிலிண்டர் ஹெட்டில் அழுத்தி வைத்து கிக் அடியுங்கள். பிளக் துளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். பிளக் இஞ்சின் உலோகத்தில் படாமல் தொங்கும்போதும் கிக் அடிக்காதீர்கள். போக வழியில்லாத அந்த வோல்டேஜ் காயிலையும் பெட்டியையும் பதம் பார்த்துவிடும். நீல நிறத்தில், ‘டிக்’ என்ற சத்தத்தோடு தெறித்தால் நல்ல ஸ்பார்க்.

மஞ்சளாக, மெலிதாக வந்தால் புதுப் பிளக் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் படிந்து பிளக் செத்துப்போவது சகஜம். அடுத்து பிளக் கேப். அது ஒயரில் திருகாணிபோல ஏறி உட்காரும். கழற்றிப் பார்த்தால் ஒயர் முனை பச்சை பூத்திருக்கும். ஒயர் நீளம் போதுமென்றால் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி திருகுங்கள்.

கறுப்பு-வெள்ளை ஒயர்

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. ஐந்தே நிமிடம், செலவு கிடையாது. சாவியை அணைக்கும்போது யமஹா வண்டியில் என்ன நடக்கிறது? வெள்ளைக் கோடு போட்ட கறுப்பு ஒயர் பாடியோடு சேர்கிறது, ஸ்பார்க் நிற்கிறது. முப்பது வருடம் ஹேண்டில் திரும்பித் திரும்பி, கழுத்துப் பகுதியில் இந்த ஒயரின் தோல் உரிந்து பாடியில் உரசினால், சாவி ஆனில் இருக்கும்போதே வண்டி அணையும். ஹேண்டிலை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் மட்டும் நிற்கிறதென்றால் சந்தேகமே வேண்டாம், இதுதான்.

சாவி சுவிட்சிலிருந்து வரும் அந்த ஒயரை அதன் கனெக்டரில் கழற்றிவிட்டு கிக் அடியுங்கள். ஸ்பார்க் வந்தால் கோளாறு ஒயரிலோ சுவிட்சிலோ இருக்கிறது, மேக்னெட்டைத் தொட வேண்டாம். ஒரு எச்சரிக்கை: ஒயர் கழன்றிருக்கும்போது சாவியைத் திருப்பினாலும் இஞ்சின் நிற்காது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, கியர் போட்டு, கிளட்ச்சை மெல்ல விட்டு அணைத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டியில் யாராவது ஒயரை மாற்றியிருந்தால் நிறமும் மாறியிருக்கும். அப்போது நிறத்தை நம்பாமல் ஒயரைக் கையால் தொட்டுக்கொண்டே போய்ப் பாருங்கள்.

டேங்கைக் கழற்றினால் இக்னிஷன் காயில் தெரியும். அதை ஃபிரேமோடு பிடிக்கும் போல்ட்டைக் கழற்றி, துருவையும் பெயின்ட்டையும் சுரண்டி மாட்டுங்கள். எர்த், அதாவது ஃபிரேமோடு சேரும் இணைப்பு, சரியில்லாமல் படுத்தும் வண்டிகள் நிறைய.

மேக்னெட்டுக்குள்

இதுவரை பிடிபடவில்லையா? மேக்னெட்டிலிருந்து வரும் சாக்கெட்டைப் பிரித்து, மீட்டரை ஓம்ஸில் வைத்து, சோர்ஸ் காயில் ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே அளந்து எழுதி வையுங்கள். பல்சர் ஒயரையும் அப்படியே. மீட்டர் எதையுமே காட்டவில்லையென்றால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது.

எண் வந்துவிட்டது என்று நிம்மதியாகிவிடாதீர்கள். சோர்ஸ் காயில் கம்பி தலைமுடிபோல மெல்லியது. ஆறியிருக்கும்போது அறுந்த முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். சூட்டில் விரிந்ததும் பிரியும். அதனால் இடப்பக்க மூடியைக் கழற்றி, முடி உலர்த்தும் டிரையரால் ஐந்து பத்து நிமிடம் சூடுபடுத்தி, மறுபடி அளவெடுங்கள். எங்கள் வண்டியில் மீட்டர் எண் முதலில் மெல்ல ஏறியது, அது இயல்புதான். திடீரென்று ஒரு நொடியில் காணாமலே போனது. டிரையரை அணைத்து ஆறவிட்டதும் திரும்பி வந்தது. அந்தக் கோடை முழுக்க எங்களை அலைக்கழித்தது அதுதான்.

காயிலை எடுக்க மேக்னெட்டைக் கழற்ற வேண்டும். அதற்கென்று இருக்கும் புல்லரைத்தான் பயன்படுத்த வேண்டும். சுத்தியலால் தட்டிக் கழற்றினால் கிராங்க் கோணிவிடும், அதன் செலவு காயிலைவிடப் பல மடங்கு. காயில்கள் உட்காரும் ஸ்டேட்டர் பிளேட்டின் ஸ்குரூவைத் தொடும் முன், பிளேட்டுக்கும் கேஸுக்கும் சேர்த்து பிளேடால் ஒரு கோடு கீறி வையுங்கள். திரும்ப மாட்டும்போது டைமிங் மாறாது. மேக்னெட்டை கிராங்க்கில் நகராமல் பிடிக்கும் அரைவட்டச் சாவி என்ற சின்ன உலோகத் துண்டையும் பாருங்கள். அது நசுங்கியோ வெட்டுப்பட்டோ இருந்தால் ஸ்பார்க் வரும், ஆனால் தப்பான நேரத்தில் வரும். கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும்.

புதுக் காயில் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் காயில் கட்டும் கடையில் கொடுங்கள். கட்டி வார்னிஷில் ஊறவைத்துத் தரச் சொல்ல மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அதிர்வில் மறுபடி அறுந்துவிடும்.

கடைசியாகத்தான் பெட்டி

சிடிஐ பெட்டியை மீட்டரால் அளந்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. மற்ற எல்லாமே சரியாக இருந்து, அப்போதும் ஸ்பார்க் இல்லையென்றால்தான் அதைச் சந்தேகப்பட வேண்டும். புதிது வாங்கும் முன், ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு ஆர்எக்ஸ் 100-இன் பெட்டியை அரைமணி நேரம் கடன் வாங்கிப் போட்டுப் பாருங்கள். கடையில் டூப்ளிகேட் அதிகம். புதுசு என்பதாலேயே நல்லது என்று நினைக்க வேண்டாம். கழற்றிய பழைய பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். எங்கள் வண்டியில் இப்போது ஓடுவது முதலில் கழற்றி ஓரமாக வைத்த அதே பழைய பெட்டிதான்.

எல்லாம் மாட்டி முடித்ததும் வாசலில் ஸ்டார்ட் செய்துவிட்டு வேலை முடிந்ததென்று விடாதீர்கள். 20 கிலோமீட்டர் ஓட்டி, நன்றாகச் சூடான நிலையில் அணைத்து, உடனே ஒரு கிக் அடித்துப் பாருங்கள்.