போன் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்து, பாஸ்வேர்டைப் போட்டு, லேப்டாப்பில் நெட் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்புறம் நாலு மெயில் பார்ப்பதற்குள் டேட்டா தீர்ந்துபோய், "நான் ஒண்ணுமே பார்க்கலையே" என்று புலம்பல். நீங்கள் பார்க்கவில்லை, சரி. லேப்டாப் சும்மா இருந்ததா? வைஃபை என்றாலே அளவில்லாத இணைப்பு என்பதுதான் அதன் கணக்கு. அந்தப் பக்கம் இருப்பது ஒரு போன் என்று நீங்கள் சொன்னால் ஒழிய பெரும்பாலும் அதற்குத் தெரியாது. அதுபாட்டுக்கு அப்டேட்டை இறக்கும், போட்டோக்களை கிளவுடுக்கு ஏற்றும்.

எனவே முதலில் செய்ய வேண்டியது, விண்டோஸ் செட்டிங்ஸில் அந்த வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸுக்குப் போய் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' (அளவோடு செலவழிக்க வேண்டிய இணைப்பு) என்பதை ஆன் செய்வது. மேக்கில் இதற்கு 'லோ டேட்டா மோட்' என்று பெயர். இதைச் செய்தவர்களும் ஓரிடத்தில் கோட்டை விடுகிறார்கள். இந்த செட்டிங் ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி. நேற்று வைஃபையில் போட்டுவிட்டு இன்று யூஎஸ்பி கேபிளில் இணைத்தால், விண்டோஸ் அதை 'ஈதர்நெட்' என்று வேறு கணக்கில் வைக்கும். அங்கேயும் ஒருமுறை ஆன் செய்ய வேண்டும். ஹாட்ஸ்பாட்டின் பெயரை மாற்றினாலும் இதே கதைதான்.

மீட்டர்டு போட்டுவிட்டால் எல்லாமே அடங்கிவிடும் என்றும் நம்ப வேண்டாம். கேம் டவுன்லோடு, சில கிளவுட் ஆப்கள் எல்லாம் இதைக் கண்டுகொள்வதில்லை. அவற்றைக் கையால்தான் நிறுத்த வேண்டும். வீடியோவும் அப்படித்தான்: திரை பெரிதானால் தரத்தைத் தானாகவே ஏற்றிக்கொள்ளும். எச்டி தரத்தில் ஒரு மணி நேரப் படம் 3 ஜிபி வரைகூட விழுங்கும். தரத்தை 480p-க்கு இறக்கிவிட்டுப் பாருங்கள்.

அடுத்தது, வேகம் இல்லை என்ற குறை. லேப்டாப்பில் வைஃபை கோடுகள் முழுசாகத் தெரிகின்றன, ஆனால் பக்கம் திறக்கவில்லை. அந்தக் கோடுகள் காட்டுவது லேப்டாப்புக்கும் போனுக்கும் நடுவே உள்ள சிக்னலின் பலத்தை மட்டும்தான். போனுக்கும் டவருக்கும் இடையே என்ன நிலவரம் என்பதைப் போனின் திரையில்தான் பார்க்க வேண்டும். இது புரியாமல் போனை லேப்டாப்புக்குப் பக்கத்திலேயே, அறையின் உள்மூலையில் வைத்துக்கொண்டு திட்டுகிறோம். போனை ஜன்னலோரம் வைத்துவிட்டு நீங்கள் பத்தடி தள்ளி உட்கார்ந்தாலும் வைஃபை வந்து சேரும். டவர் சிக்னல்தான் சுவரைத் தாண்டத் திணறும். என்னைக் கேட்டால், எந்த செட்டிங்கையும் நோண்டுவதற்கு முன் போனின் இடத்தை மாற்றிப் பார்ப்பதுதான் முதல் வைத்தியம்.

ஹாட்ஸ்பாட் லேப்டாப்பில் தெரியவே இல்லையா? பழைய லேப்டாப்கள் பலவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசை தெரியாது. போனில் 2.4-க்கு மாற்றுங்கள். ஐபோன் 12-லிருந்து 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்ற ஸ்விட்ச் இதைத்தான் செய்கிறது. ஆண்ட்ராய்டில் 'டேட்டா சேவர்' ஆனில் இருந்தால் ஹாட்ஸ்பாட் வேலை செய்யாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீண்ட நேர வேலை என்றால் வைஃபையைவிட யூஎஸ்பி டெதரிங், அதாவது கேபிள் வழியே நெட் கொடுப்பதுதான் நல்லது. இணைப்பு அறுந்து அறுந்து வராது, போனுக்குச் சார்ஜும் ஏறும். 'யூஎஸ்பி டெதரிங்' என்ற வரி மங்கலாகவே இருந்து தொட முடியவில்லை என்றால், போனைக் குறை சொல்வதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் நிறைய உண்டு. அவற்றுக்குள் டேட்டா கம்பியே கிடையாது. ஆண்ட்ராய்டு போனை மேக்கோடு கேபிளில் இணைப்பது பல மாடல்களில் சரிப்பட்டு வராது, அங்கே வைஃபையே போதும். ப்ளூடூத் வழி மிக மெதுவானது. மெயில் பார்க்கலாம், மீட்டிங் நடத்த முடியாது.

ஹாட்ஸ்பாட் ஓடும் போனைத் தலையணைக்கு அடியிலோ பைக்குள்ளோ வைக்காதீர்கள். சூடு ஏறினால் போன் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

பாஸ்வேர்டு இல்லாமல் ஹாட்ஸ்பாட்டைத் திறந்துபோடுவது எவ்வளவு மோசம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் போனில் விபிஎன் (டேட்டாவைப் பிறர் பார்க்காதபடி மறைத்து அனுப்பும் வசதி) ஆனில் இருக்கிறதே, லேப்டாப்புக்கும் அது காவல் என்று நினைப்பவர்கள் உண்டு. பொதுவாக அப்படி இல்லை. லேப்டாப்பிலிருந்து போகும் டேட்டா அந்த விபிஎன்னுக்குள் நுழையாமல் நேராகவே வெளியே போகும். தேவைப்பட்டால் லேப்டாப்பிலேயே தனியாகப் போட வேண்டும்.

ஆன்லைன் இன்டர்வியூ மாதிரி முக்கியமான நேரத்தில் காலை வாருவது இரண்டாவது சிம். ஒரு சிம்மில் டேட்டா ஓடும்போது இன்னொன்றில் அழைப்பு வந்து பேசினால், பல போன்களில் டேட்டா நின்றுபோகும். அந்த ஒரு மணி நேரத்துக்கு இரண்டாவது சிம்மை செட்டிங்ஸில் ஆஃப் செய்துவிடுங்கள்.